ஏ.சி.யை அணைக்கச் சொல்வதற்கு முன்னால்

கேள்வி: மண்ணடி லிங்கிச் செட்டித் தெருவில் நான்கு மாடி வணிகக் கட்டடம் ஒன்றின் நிர்வாகத்தைக் கவனிக்கிறேன். தரைத்தளத்தில் மொத்த விற்பனைக் கடைகள், மேலே கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள், வழக்கறிஞர் அறைகள், ஒரு கணக்குப் பயிற்சி நிலையம். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்று மாடிக்கு மாடி நோட்டீஸ் ஒட்டினோம். வாட்ஸ்ஆப் குழுவிலும் வாரந்தோறும் நினைவூட்டுகிறோம். ஒருவரும் மாறவில்லை. இவர்களை எப்படிப் பழக்குவது? ஆள் நடமாட்டத்தைப் பார்த்து விளக்கை எரியவைக்கும் சென்சார் வாங்கினால் பிரச்சினை தீருமா?

பதில்:

உங்கள் கட்டடத்தில் இருப்பவர்களுக்காக முதலில் பரிந்து பேசிவிடுகிறேன். தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் உள்ள தங்கள் வீடுகளில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாது என்று மீட்டரை எட்டி எட்டிப் பார்ப்பவர்கள் இதே ஆட்கள்தான். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை, 500-ஐத் தாண்டினால் கணக்கே வேறு என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் பிள்ளைகளை அதட்டுவார்கள். அலுவலகப் படியேறியதும் அந்தக் கணக்கு அறுந்துபோகிறது. இங்கே ரீடிங் எவ்வளவு என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பன்னிரண்டு சுவிட்ச் உள்ள போர்டில் எது எதற்கு என்று தெரியாது. அணைத்தால் யாராவது முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கம் வேறு. நோட்டீஸ் இவற்றில் ஒன்றையும் மாற்றுவதில்லை.

பாரிமுனையிலிருந்து திருவொற்றியூர் வரை பல கட்டடங்களில் மின் தணிக்கை செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்: குடியிருப்போரிடம் எதையும் கேட்பதற்கு முன் கட்டடம் தன் பங்கைச் செய்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கணக்கையும் சுவிட்சையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள்.

கட்டடத்தின் பங்கு இரவில் தொடங்குகிறது. இரவு 8 மணிக்குக் கடைசி ஷட்டர் இறங்கிய பிறகு எல்லா மீட்டர்களிலும் ரீடிங் எடுங்கள். காலை 8 மணிக்கு முதல் ஆள் வருவதற்கு முன் மறுபடி எடுங்கள். நடுவில் ஓடிய யூனிட் ஒரு மனிதருக்கும் பயன்படாத மின்சாரம். 500 வாட் அளவுக்கு ஏதோ ஒன்று இரவெல்லாம் ஓடினால் 12 மணி நேரத்தில் 6 யூனிட், வருடத்துக்கு 2,190 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21,900 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைப் பகல் இதில் சேரவில்லை. தேடிப் போனால் காரணங்கள் கண்ணில் படும்: யாரும் குடிக்காத நேரத்திலும் தண்ணீரைச் சூடாக்கியும் குளிராக்கியும் கொண்டிருக்கும் இயந்திரம், விடியும்வரை எரியும் பெயர்ப்பலகை, கழிப்பறையின் எக்ஸாஸ்ட் ஃபேன், வயதான பேட்டரியை ஓயாமல் சார்ஜ் செய்துகொண்டிருக்கும் யு.பி.எஸ். தண்ணீர்க் கசிவையும் மறக்காதீர்கள். ஃப்ளஷ் தொட்டி ஒழுகினால் மேல்நிலைத் தொட்டி காலியாகும், மோட்டார் மறுபடி ஓடும். குழாய்க்காரருக்குக் கொடுக்கும் கூலியும் மின்சாரச் சேமிப்புச் செலவுதான். இந்த வேலைகளுக்கு யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இவற்றை முடித்துவிட்டு, எவ்வளவு குறைந்தது என்ற எண்ணோடு போய்ப் பேசினால் உங்கள் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

அடுத்தது, கட்டணத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பது. உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனால் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது. ஒரு மாடியில் நான்கு அலுவலகங்கள் ஒரே மீட்டரில் இருந்து, பில்லைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சிரமப்பட்டு 100 யூனிட் மிச்சப்படுத்தினால் அவருக்குக் கிடைப்பது 25 யூனிட்டின் பலன். மற்ற 75 அடுத்தவர்களுக்குப் போகிறது. சதுர அடிக் கணக்கில் பிரித்தாலும், வாடகையோடு சேர்த்து வாங்கினாலும் இதே கதைதான். ஒவ்வோர் அலுவலகமும் எவ்வளவு செலவழிக்கிறது என்று தனியாகக் காட்டும் சப் மீட்டரை அலுவலகத்துக்கு ஒன்றாக வையுங்கள். அதில் வரும் எண்படி பில்லைப் பகிருங்கள், ஒரு பைசா கூட்டி வாங்காதீர்கள். மின்சாரத்தை மறுவிற்பனை செய்ய உரிமம் வேண்டும் என்பது சட்டம். அதைவிட முக்கியமாக, கட்டட உரிமையாளர் இதில் லாபம் பார்க்கிறார் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அதன் பிறகு நீங்கள் சொல்லும் எந்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி ஏ.சி. உங்களைப் போன்ற கட்டடத்தில் மின்சாரத்தின் பெரும்பங்கு அங்கேதான் போகிறது, சண்டையும் அங்கேதான். சண்டையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். துறைமுகத்துக்கும் சுங்க அலுவலகத்துக்கும் அலைந்துவிட்டு மதியம் சட்டை நனையத் திரும்பும் ஊழியர் ரிமோட்டை எடுத்து 18-ல் வைப்பார். உயர் நீதிமன்றத்திலிருந்து கறுப்புக் கோட்டோடு தெருவைத் தாண்டி வரும் வழக்கறிஞரும் அதையே செய்வார். அவர்கள் மேல் குற்றமில்லை. கத்திரி வெயிலில் அந்தக் கோட்டோடு நடந்தவர்களுக்குத்தான் அது தெரியும். ஆனால் அரை மணி நேரத்தில் அவருடைய உடம்பு ஆறிவிடுகிறது, எண் 18-லேயே இருக்கிறது. காலையிலிருந்து ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் கணக்காளர் அம்மா துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொள்கிறார். ரிமோட் அவர் கைக்கு வருவதே இல்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18-ல் வைத்தாலும் 24-ல் வைத்தாலும் அறை 24-க்கு இறங்க ஆகும் நேரம் ஒன்றே. வேறுபாடு அதற்குப் பிறகுதான்: 24-ல் வைத்தது நின்று நின்று ஓடும், 18-ல் வைத்தது நிற்காமல் ஓடும். கூட்டம் நிறைந்த அறையில் மே மாதத்தில் அது 18-ஐத் தொடவே தொடாது. இன்வெர்ட்டர் வகை தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் என்றாலும், எட்டாத எண்ணைக் கொடுத்தால் அதுவும் முழு வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரியிலிருந்து, நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி தயாரிக்கப்பட வேண்டும் என்று விதி வந்ததும் இதனால்தான். இந்த விளக்கத்தை எதிரில் உட்கார்ந்து, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நோட்டீஸில் எழுதினால் போய்ச் சேராது.

ஆனால் 24-க்கோ 26-க்கோ ஏறச் சொல்வதற்கு முன் தலைக்கு மேலே ஃபேன் இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டபோது ஃபேனைக் கழற்றி எறிந்த அலுவலகங்கள் நம் பகுதியில் ஏராளம். கடலோர ஊர் இது. நம்மை வாட்டுவது சூட்டோடு சேர்ந்த ஈரப்பதம். காற்று உடம்பின் மேல் நகர்ந்தால்தான் வியர்வை உலரும். மெதுவாகச் சுற்றும் ஒரு ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோன்ற சுகத்தைத் தருகிறது. சாதாரண மின்விசிறிக்கு 70, 75 வாட்; குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகைக்கு 30 வாட்டை ஒட்டி. ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது இழுப்பதோ ஏறக்குறைய 1,500 வாட். ஃபேன் இல்லாத அறையில் 26-ல் வைக்கச் சொல்வது அநியாயம். அப்படிச் சொன்னால் அவர்கள் கேட்கவும் மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

மேல்மாடிக்காரர்களுக்கு இன்னொரு நியாயம் பாக்கி இருக்கிறது. பகலெல்லாம் காய்ந்த தளம் மாலையில் கீழே வெப்பத்தை இறக்குகிறது. முதல் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் ஒரே எண்ணை விதிக்க முடியாது. மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள், அல்லது வெள்ளை ஓடு பதியுங்கள். அது உரிமையாளரின் செலவு. அவுட்டோர் யூனிட்டுகளையும் போய்ப் பாருங்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள குறுகலான சந்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், ஒன்று கக்கும் சூட்டை இன்னொன்று உள்ளே இழுக்கும். துறைமுகத்தின் உப்புக்காற்று அவற்றின் தகடுகளை அரிக்கும், லாரிப் புழுதி அடைக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிச் சர்வீஸ் செய்யாத ஏ.சி. குளிராது. குளிராத ஏ.சி.யை எல்லோரும் 18-ல் வைப்பார்கள். ஆட்களின் பழக்கம் என்று நாம் பழிக்கும் பலவும் இப்படி இயந்திரத்தின் பழுதிலிருந்து பிறந்தவை.

இவ்வளவும் ஆன பிறகு, அலுவலகம் அலுவலகமாக எல்லோரையும் உட்காரவைத்து, யாருக்குக் குளிர்கிறது, யாருக்கு வேர்க்கிறது என்று கேளுங்கள். முதலாளியிடம் மட்டும் கேட்காதீர்கள். குளிர்கிறது என்று சொல்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருப்பார்கள், இதுவரை யாரும் கேட்டிராததால் வாய் திறக்காமல் இருந்தவர்கள் அவர்கள். சிலருக்கு இருக்கையை மாற்றினாலே போதும். ஒரு எண்ணை ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள், இரண்டு வாரம் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லுங்கள். திரும்பப் பெறலாம் என்று தெரிந்தால்தான் மனிதர்கள் ஒன்றை முயன்று பார்க்கச் சம்மதிப்பார்கள். ரிமோட் பொது இடத்தில் தொங்கட்டும். வெயிலிலிருந்து வருபவருக்கு வாசலருகே வேகமாகச் சுற்றும் ஒரு ஃபேன், கோட்டை மாட்ட ஒரு கொக்கி, ஒரு பானைத் தண்ணீர் இருந்தால் அந்த அரை மணி நேரமும் கடந்துவிடும்.

ஜப்பான் அரசு 2005 கோடையில் அலுவலகக் குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வைக்கும் ‘கூல் பிஸ்’ இயக்கத்தைத் தொடங்கியபோது, கோட்டும் டையும் வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. பிரதமர் கொய்சுமி தாமே டை இல்லாமல் வந்து நின்றார். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது 28 என்ற எண்ணை அல்ல. உடையையும் எண்ணையும் அவர்கள் சேர்த்து மாற்றினார்கள், மேலே இருப்பவர் முதலில் மாறினார். முதலாளியின் கேபின் 18-ல் இருக்கும்வரை கூடத்தில் இருப்பவர்கள் 25-ஐ மனதார ஏற்க மாட்டார்கள்.

கணக்கைக் கையில் கொடுப்பது பற்றிச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் யாருக்கும் எதையும் கற்றுத்தராது. ஏப்ரலில் செய்தது ஜூனில் தெரிந்து என்ன பயன்? வாரம் ஒருமுறை ரீடிங் எடுத்து, படிக்கட்டருகே ஒரு பலகையில் எழுதுங்கள். இந்த வாரம், சென்ற வாரம், முடிந்தால் சென்ற ஆண்டு இதே மாதம். டிசம்பரை மே மாதத்தோடு ஒப்பிட்டு யாரையும் பாராட்டவோ குறை சொல்லவோ வேண்டாம்.

மாடிகளை ஒன்றோடொன்று மோதவிடாதீர்கள். கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் வீடுகளை வைத்துச் செய்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு இதில் பெரிய பாடம். ஊர்ச் சராசரி எவ்வளவு, உங்கள் வீடு எவ்வளவு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஆனால் சராசரிக்கும் கீழே இருந்தவர்கள், நாம்தான் அளவுக்கு மீறிச் சிக்கனமாக இருக்கிறோம் போலும் என்று கூட்டிக்கொண்டார்கள். குறைவாகச் செலவழித்தவர்களின் தாளில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து கொடுத்தபோது அந்த ஏற்றம் வரவில்லை. ஆகவே குறைவாகச் செலவழிக்கும் அலுவலகத்துக்கு நேரில் போய், நன்றாகச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அதிகம் செலவழிப்பவரைப் பலகையில் தூக்கிலிட வேண்டாம். பயிற்சி நிலையத்தில் ஒரே அறையில் அறுபது பேர் உட்காருவார்கள், வழக்கறிஞர் அறையில் இரண்டு பேர். அந்த இரண்டு எண்களை அருகருகே எழுதுவதே தவறு.

சுவிட்சைக் கையில் கொடுப்பது இதைவிட எளிது, செலவும் அதிகமில்லை. ஒரு கட்டடத்தில் காலையில் முதலில் விளக்கைப் போடுபவர் யார்? பெருக்கித் துடைக்க வரும் அம்மா. இரவில் கடைசியாகச் சுற்றிவருபவர் வாட்ச்மேன். எந்த ஆலோசனைக் கூட்டத்துக்கும் இந்த இருவரையும் யாரும் கூப்பிடுவதில்லை. வாட்ச்மேன் ஒருநாள் ஏதோ சுவிட்சை அணைத்திருப்பார், அது சர்வராக இருந்திருக்கும், திட்டு வாங்கியிருப்பார். அன்றிலிருந்து எதையும் தொடுவதில்லை. எலக்ட்ரீஷியனை ஒரு நாள் கூப்பிட்டு ஒவ்வொரு சுவிட்சும் எதற்கு என்று கண்டுபிடித்து, பச்சை, சிவப்பு என்று பெயின்ட்டால் ஒரு பொட்டு வையுங்கள். பச்சையை யாரும் எப்போதும் அணைக்கலாம். சிவப்பை யாரும் தொடக் கூடாது. படிக்கத் தெரியாதவருக்கும், வெளிமாநிலத்திலிருந்து வந்து தமிழ் எழுத்து தெரியாதவருக்கும் இது புரியும். ‘பச்சைப் பொட்டு வைத்த எதையும் அணைக்க வாட்ச்மேனுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அதிகாரம் உண்டு, யாரும் கேள்வி கேட்கக் கூடாது’ என்று எழுதி உரிமையாளர் கையெழுத்தோடு ஒட்டுங்கள். நோட்டீஸ் ஒட்டுவதில் பயன் இருக்கிறது என்றால் இந்த ஒரு நோட்டீஸில் இருக்கிறது. பொது மீட்டரில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு இந்த இருவருக்கும் போக வேண்டும் என்பது என் கட்சி. மீதியைக் கழிப்பறைப் பழுதுக்கோ பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கவோ பயன்படுத்தி, எதற்குப் போனது என்று அதே பலகையில் எழுதுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தையும் விடாதீர்கள். ஏ.சி.யும் ஃபேனும் வாங்குபவர் உரிமையாளர், பில் கட்டுபவர் வாடகைக்காரர் என்றால், வாங்குபவர் மலிவானதைத்தான் வாங்குவார். 75 வாட் ஃபேனை 35 வாட் ஃபேனாக மாற்றினால் 40 வாட் குறையும். நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 120 யூனிட், முன்சொன்ன கணக்கில் 1,200 ரூபாய். உரிமையாளர் வாங்கிப் போடட்டும், மிச்சமாவதில் பாதியை வாடகைக்காரர் சில வருடம் அவருக்குத் தரட்டும். இதை எழுத்தில் வைத்துக்கொண்டால் இருவரும் ஒரே பக்கம் இழுப்பார்கள்.

வட சென்னைக்காரர்களிடம் பேசும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். நாம் போடும் சுவிட்சின் மறுமுனை நமக்குத் தூரத்தில் இல்லை. 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட், பிறகு வந்த மூன்றாம் கட்டம் 800, வல்லூரில் 1,500. இந்திய நிலக்கரியில் ஒரு யூனிட் தயாரிக்க ஏறக்குறைய 200 கிராம் சாம்பல் விழுகிறது. அந்தச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் படிந்ததையும், அங்கே இறாலும் மீனும் பிடித்தவர்கள் பட்ட பாட்டையும் உங்கள் ஊழியர்களில் எண்ணூரிலிருந்தும் காட்டுக்குப்பத்திலிருந்தும் வருபவர்கள் உங்களைவிட நன்றாக அறிவார்கள். ஒரு கட்டடம் குறைத்தால் ஓர் உலை நின்றுவிடாது, அப்படி ஆசை காட்டவும் வேண்டாம். ஆனால் 2024 மே தொடக்கத்தில் தமிழகத்தின் மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த உச்சத்தைக் காட்டித்தான் புதிய உலைகள் கேட்கப்படுகின்றன, அவற்றுக்கான இடமாக நம் பக்கத்தைத்தான் கை காட்டுகிறார்கள். வெயில் காலத்து உச்சத்தில் நம் கட்டடங்களின் ஏ.சி.களுக்கும் பங்கு உண்டு. இதைப் பழியாகச் சொல்லாமல் பக்கத்து வீட்டுச் செய்தியாகச் சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள்.

சென்சார் பற்றிய கேள்விக்கு வருகிறேன். படிக்கட்டு, கழிப்பறை, சாமான் அறை இந்த மூன்றுக்கும் தயங்காமல் வாங்குங்கள். பயிற்சி நிலையத்து வகுப்பிலும், கணக்காளர் அசையாமல் உட்கார்ந்து எழுதும் அறையிலும் வேண்டாம். பிள்ளைகள் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தால், மறுநாளே யாராவது அதன் மேல் டேப் ஒட்டிவிடுவார்கள், உங்கள் மற்ற முயற்சிகளின் மேலும் அந்தக் கோபம் பாயும். கழிப்பறையில் வைக்கும்போது நேர அளவைப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள், உள்ளே இருப்பவர் இருட்டில் தவிக்கக் கூடாது. படிக்கட்டில் மாடிக்கு ஒரு விளக்கு சென்சார் இல்லாமல் எரியட்டும். அதற்கு 5 வாட் எல்.இ.டி. போதும்.